தோப்புடன் கல் வீடு விற்பனைக்கு!

நீலசந்திரா பஜார் தெருவிலிருந்து லாங்ஃபோர்டு டவுனுக்குப் பொடிநடையாகவே போய்விடலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், நடந்து கடக்கக்கூடிய தூரமா?

இங்கே இருபதுக்கு முப்பது சைட்டில் மூன்று மாடி. கீழே கடை, மேலே குடித்தனம், அதற்கு மேலே இன்னொரு குடித்தனம். மொட்டை மாடியில் துணி காயப் போட்டால் பக்கத்து வீட்டுத் துணியோடு கலந்துவிடும். அங்கேயோ கேட்டைத் திறந்து உள்ளே போனால், வீட்டின் வாசற்படியை அடைய ஐம்பது தப்படி நடக்க வேண்டும். இரு பக்கமும் பலா, மா, பட்டர் ஃப்ரூட், சில்வர் ஓக். நடுவில் ஓட்டுக் கூரையும் கல் சுவருமாக ஒரு பழைய வீடு.

அந்த மாதிரி வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றாக அவற்றின் கேட்டில் பலகை தொங்குகிறது: "விற்பனைக்கு".

வாங்குகிறவர் யார்? வீட்டை வாங்குகிறாரா, மனையை வாங்குகிறாரா? மரங்களுக்கு என்ன ஆகும்? பின்கட்டில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மவர்கள் எங்கே போவார்கள்?

இந்தக் கேள்விகளைக் கேட்க எனக்கு ஓர் உரிமை உண்டு. என் தாயார் பிறந்தது அப்படி ஒரு கல் வீட்டின் அவுட் ஹவுஸில்தான். பாட்டி அந்த வீட்டில் சமையல் செய்தார். பாட்டனார் தோட்டக்காரர். வீடு விலை போனது. நாங்கள் நீலசந்திராவுக்கு வந்து சேர்ந்தோம்.

கல்லின் ஊர்

பெங்களூரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஊரே பாறை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. லால்பாக்கில் கெம்பே கவுடர் கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள் என்று நிலவியல் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. குழந்தைகள் சறுக்கி விளையாடும் அந்தப் பாறை, உலகத்தின் பழைய பாறைகளில் ஒன்று!

இந்தப் பாறைக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் விறகை அடுக்கி நெருப்பு மூட்டினால், சூட்டில் மேலடுக்கு விரிந்து அடியிலிருந்து கழன்றுகொள்ளும். பிறகு உளியால் கோடு போட்டு, ஆப்பு வைத்துத் தட்டினால் நீள நீளமான பலகைகளாகப் பிரியும். வெடி வேண்டாம், இயந்திரம் வேண்டாம். பெங்களூரைச் சுற்றி வேலிக்கும், கால்வாய் மூடிக்கும், வாசற்படிக்கும், சில வீடுகளில் கூரைக்கும்கூடக் கல் பலகையே போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இந்தக் குணந்தான்.

1809-ல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாற்றினார்கள். தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் உருவானது. படையோடு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சிப்பாய்கள், சமையற்காரர்கள், துபாஷிகள், வண்டிக்காரர்கள், கொத்தனார்கள், கல்தச்சர்கள், மேஸ்திரிகள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் ஏராளம்.

கப்பன் பூங்காவில் சிவப்பு நிறத்தில் நிற்கும் உயர் நீதிமன்றக் கட்டடம், அட்டாரா கச்சேரி, 1868-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அந்தத் தமிழர் 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிலையங்கள் இன்றும் நடக்கின்றன.

பெரிய கட்டடங்களைக் கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கும். ரிச்மண்டு டவுனிலும் லாங்ஃபோர்டு டவுனிலும் குக்ஸ் டவுனிலும் உள்ள வீடுகளைக் கட்டிய கொத்தனாரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் உளியின் தடம் இருக்கிறது. பழைய வீட்டுச் சுவரை நெருங்கிப் பாருங்கள், தெரியும்.

அந்த வீடு எப்படி இருக்கும்?

அஸ்திவாரமும் படியும் கருங்கல். சுவர் சில வீடுகளில் கல். பல வீடுகளில் செங்கல். எதுவானாலும் பிணைப்பது சுண்ணாம்புச் சாந்து. ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். ஏப்ரல் மாத வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருப்பதற்கு அந்தக் கனமே காரணம். பகல் வெப்பம் சுவரைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஜன்னலுக்கு மேலே மரப் பட்டிகளால் ஆன கூரான தொப்பி. இதற்கு 'மங்கி டாப்' என்று பெயர். பெங்களூர் பங்களாக்களின் அடையாளமே இதுதான். மழைச் சாரலும் வெயிலும் உள்ளே வராது, காற்று வரும்.

கூரை இரண்டு வகை. ஒன்று மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் கலவை கொட்டி, கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கலவை தட்டும் சத்தத்துக்கு ஏற்றபடி பெண்கள் பாடிக்கொண்டே வேலை செய்வார்கள் என்று பாட்டி சொல்வார்.

மற்றொன்று மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்னும் கிறிஸ்தவ சபையினர் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். கடற்கரையில் சுட்ட அந்த ஓடு தென்னாடு முழுவதும் பரவியது.

ரயில் செய்த வேடிக்கை

இப்படிப்பட்ட வீடும் தோப்பும் விலைக்கு வந்தால் அதன் கதி என்ன ஆகும்? நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ஒன்று மலையில், மற்றொன்று கடலோரத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு ரயில் ஓடுகிறது!

மலைக் கதை முதலில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் தங்கினார். பிறகு உதகமண்டலத்தில் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலைக்கு நிலம் வாங்கி, 1822-ல் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஸ்டோன் ஹவுஸ். மலைமக்கள் வைத்த பெயர் 'கல் பங்களா'. ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு அதுதான். வீட்டின் முன்னே ஓக் மரமும் நட்டார்.

சல்லிவன் சம்பாதித்ததும் உண்டு, இழந்ததும் உண்டு. அவர் மனைவியும் மகளும் 1838-ல் ஊட்டியிலேயே காலமானார்கள். புனித ஸ்டீபன் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்தத் தேவாலயத்தின் உத்தரங்கள் எங்கிருந்து போனவை தெரியுமா? நம் கர்நாடகத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து, மலைமேல் ஏற்றியவை!

கல் பங்களா பின்னர் அரசாங்கத்தின் கைக்குப் போனது. கோடைக்காலத்தில் சென்னை ராஜதானியின் அலுவலகமாக இருந்தது. இப்போது அங்கே அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. தோடர் மேய்ச்சல் நிலத்தில் எழுந்த வீட்டில் இன்று மலையகத்துப் பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள். சல்லிவன் முதலில் தங்கிய கன்னேரிமுக்கு பங்களா வெகுகாலம் இடிந்து கிடந்தது. பிறகு மாவட்ட நிர்வாகம் அதைச் செப்பனிட்டு நினைவகமாக்கியது.

இனி கடலோரக் கதை. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அதுவரை மலைக்குப் போவதென்றால் பெரும்பாடு. ரயில் வந்ததும் வெள்ளைக்கார அதிகாரிகள் வருஷத்தில் பாதியை ஊட்டியில் கழிக்கத் தொடங்கினார்கள். சென்னையில் அவர்கள் வைத்திருந்த தோட்ட பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. விலை விழுந்தது.

அப்படி விழுந்ததில் ஒன்று அடையாற்றின் தென்கரையில், ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹட்டில்ஸ்டன் தோட்டம். 27 ஏக்கர். ஆற்றைப் பார்த்த பெரிய பங்களா, இரண்டு சிறிய பங்களாக்கள், குதிரை லாயம், மாந்தோப்பு, சவுக்குத் தோப்பு. இது கல் வீடு அல்ல. செங்கல்லும் சென்னைச் சுண்ணாம்பும்.

பிரம்மஞான சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1882 மே மாதம் 31-ந் தேதி இந்த இடத்தைப் போய்ப் பார்த்தார்கள். விலை சுமார் 600 பவுன். அந்த நாளிலேயே அது கொள்ளை மலிவு. ஆனாலும் கையில் பணமில்லை! ஐயலு நாயுடுவும் நீதிபதி முத்துசாமி செட்டியும் முன்வந்து பணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பிறகு நன்கொடை திரட்டிக் கடன் அடைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி சபை பம்பாயிலிருந்து அடையாறுக்குக் குடிவந்தது.

மலையில் கல் வீடு கட்டத் தொடங்கிய பழக்கம், கடலோரத் தோப்பின் விலையைக் குறைத்துவிட்டது. மலிந்த விலையில் வாங்கியவர்கள் தோப்பை வெட்டவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் 1907-ல் சபைத் தலைவரான பின்பு, பக்கத்து நிலங்களையும் சேர்த்து வாங்கினார்கள். 27 ஏக்கர், 250 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. அங்கே உள்ள பெரிய ஆலமரத்தைப் பார்க்காத சென்னைவாசி இருக்க மாட்டார். 1989-ல் அடித்த புயலில் அதன் நடுமரம் சாய்ந்தது. விழுதுகள் தாங்கி நிற்கின்றன.

அந்தத் தோப்பு என்னவெல்லாம் தந்தது! ருக்மிணி தேவி அம்மையார் 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கியது அந்த மண்ணில். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் நெதர்லாந்திலிருந்து வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது அந்த மண்ணில். இன்றைக்கு அடையாறும் பெசன்ட் நகரும் கட்டடக் காடாகிவிட்டன. நடுவே அந்த ஒரு தோப்புதான் மூச்சு விடுகிறது.

பெங்களூரில் நடந்தது என்ன?

அடையாறில் தோப்பை ஒரு நிறுவனம் முழுசாக வாங்கியது. ஊட்டியில் வீட்டை அரசு எடுத்துக்கொண்டது. பெங்களூரில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே வாய்க்கவில்லை.

1947-ல் கன்டோன்மென்ட் மைசூர் அரசின் கைக்குத் திரும்பியது. 1949-ல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. வெள்ளைக்காரர்கள் புறப்பட்டார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. வீடுகள் கை மாறின. அப்போதெல்லாம் வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கினார்கள்.

பிறகு காலம் மாறியது. வீட்டுக்கு விலை போய், மனைக்கு விலை வந்தது. ஓர் ஓட்டு வீடும் பலா மரமும் நிற்கும் இடத்தில் முப்பது குடித்தனம் கட்டலாம் என்றால், கணக்குப் போடுகிறவர் எதைப் பார்ப்பார்? பத்திரத்தில் சுவரின் விலை பூஜ்யம். மரத்தின் விலை பூஜ்யம். இடிக்கும் செலவை வேறு கழித்துக்கொள்வார்.

விற்கிறவரை மட்டும் குறை சொல்ல முடியுமா? முடியாது. தகப்பனார் காலமானார். ஐந்து பிள்ளைகள். ஒருவர் மெல்போர்னில், ஒருவர் துபாயில், ஒருவர் இங்கே. கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. உத்தரத்தைக் கரையான் அரிக்கிறது. வரி ஏறுகிறது. இருக்கிற ஒருவர் எத்தனை நாள் தாங்குவார்? எங்கள் பாட்டி வேலை பார்த்த வீட்டிலும் இதேதான் நடந்தது. வீட்டுக்கார அம்மாள் கண்ணீரோடுதான் கையெழுத்துப் போட்டார்.

அவுட் ஹவுஸ்காரர்கள்

இந்த வீடுகளைப் பற்றிப் படம் போட்டுப் புத்தகம் எழுதுகிறவர்கள், முன்வாசலைத்தான் படம் பிடிக்கிறார்கள். பின்கட்டை யாரும் பிடிப்பதில்லை. கல் பலகைக் கூரை போட்ட ஒற்றை அறைகள். மாலி, சமையற்காரர், டிரைவர், ஆயா. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். சம்பளம் சொற்பம்; வாடகை இல்லை. பிள்ளைகள் பெரிய வீட்டுத் தோட்டத்தில் விளையாடி வளர்ந்தார்கள்.

வீடு விலை போகும்போது இவர்களுக்குத்தான் முதலில் இடி. "நாற்பது வருஷமாக இருக்கிறோம், இடம் எங்களுக்குத்தான்" என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் அப்படி ஆசை காட்டிப் பணமும் பறித்துவிடுகிறார்.

இதில் ஏமாற வேண்டாம். வேலைக்காரராகவோ காவல்காரராகவோ உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவருக்கு, எத்தனை ஆண்டு ஆனாலும் அந்த இடம் சொந்தமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாடகை ரசீது உள்ளவர் நிலை வேறு. ஆகையால் காகிதம் எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

அதே சமயம், வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆள் வைத்துப் பாத்திரத்தைத் தெருவில் வீசுவது சட்டமும் அல்ல, தர்மமும் அல்ல. பள்ளிக்கூடம் முடியும் வரை அவகாசமும், வேறிடத்தில் அட்வான்ஸ் கட்டப் பணமும் கொடுத்தால், பல லட்சம் புரளும் வியாபாரத்தில் அது ஒரு துளி. எங்களுக்கு அந்தத் துளியைக் கொடுத்தார்கள். அதனால்தான் நீலசந்திராவில் ஒரு வீடு பிடிக்க முடிந்தது. இன்றைக்கும் என் தாயார் அந்த அம்மாளை வாழ்த்துகிறார்.

வாங்க நினைக்கிறீர்களா?

நம்மவர்களிலும் இப்போது வசதி வந்தவர்கள் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஊர்ப்பக்கம் ஒரு பழைய வீடும் நாலு மரமும், முடிந்தால் கடற்காற்றும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசை நல்லது. ஆனால் இவற்றையெல்லாம் பாருங்கள்.

பத்திரம்: மூலப் பத்திரம் முதல் இன்றுவரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பெங்களூரில் கத்தா இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கத்தா என்பது வரி கட்டுகிறவர் யார் என்பதற்கான பதிவு. சொத்துரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் அது இல்லாமலும் முடியாது. இப்போது பதிவுக்கு இ-கத்தா கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பட்டாவையும் நில அளவை வரைபடத்தையும் ஒத்துப் பாருங்கள்.

வாரிசு: பழைய வீடென்றால் வாரிசுகள் பலர். பெண் பிள்ளைகளின் கையெழுத்தை விட்டுவிட்டு வாங்கி, பிறகு கோர்ட்டு வாசலில் நிற்பவர்கள் ஏராளம். 2005-ல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. தகப்பனார் 2005-க்கு முன்பே காலமாகியிருந்தாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்துவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம். யாருடைய வீடு என்பதைப் பொறுத்துக் கேள்விகளும் மாறும்.

மரம்: "வாங்கியபின் வெட்டிக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். கர்நாடகத்தில் 1976-ம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தையும் மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. சில இனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தோட்டத்தில் சந்தன மரம் இருந்தால் இன்னும் கவனம். 2001-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆனாலும் வெட்டவும் விற்கவும் வனத்துறையின் விதிகள் உண்டு. தமிழ்நாட்டில் தோப்பு 'தனியார் காடு' என்று அறிவிக்கப்பட்டிருந்தால், 1949-ம் ஆண்டுச் சட்டப்படி விற்பதற்கே கலெக்டர் மட்டத்து அனுமதி தேவைப்படும். இதை முதலில் விசாரியுங்கள்.

கடல்: கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். முதல் அறிவிக்கை 1991-ல் வந்தது. பிறகு 2011-லும் 2019-லும் மாற்றப்பட்டது. கிராமப்புறக் கடற்கரையில் 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்ட முடியாது. மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு மட்டும், 2019 அறிவிக்கையில் இது 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆனால் முறைப்படி அனுமதி பெற்று ஏற்கெனவே நிற்கும் வீட்டை, அளவு கூடாமல் பழுது பார்க்கலாம். இங்கேதான் பழைய வீட்டின் மதிப்பு! இடித்துவிட்டால் நினைத்தபடி திரும்பக் கட்ட முடியாத இடத்தில், அந்தச் சுவரே பெரிய சொத்து.

உப்புக் காற்றிலும் கல் வீட்டுக்கு ஒரு லாபம் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி உப்பில் துருப்பிடிக்கும். துரு பிடித்தால் பருக்கும். பருத்தால் கான்கிரீட்டு வெடித்து உதிரும். கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவரில் கம்பியே இல்லை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, நானூறு ஆண்டுகளாகக் கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் அருகே இருந்த பழைய கலெக்டர் பங்களாவும் செப்பனிடப்பட்டு விடுதியாக மாறியது.

சிமெண்டு பூசாதீர்கள்!

வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு, பழைய சுவருக்குச் சிமெண்டு பூசுவது. சுண்ணாம்புச் சுவர், உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், சுவர் பொரிந்து உதிரும். "பழைய வீடு, அதான் இப்படி" என்று பழியை வீட்டின்மேல் போடுவார்கள். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பில்தான் பழுது பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கூரை ஓடு ஒன்று உடைந்தால் அன்றே மாற்றுங்கள். அந்த ஓட்டை வழியே வரும் தண்ணீர் உத்தரத்தை ஊறவைக்கும்; ஊறிய உத்தரத்தைக் கரையான் தேடி வரும். சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் விரல் அளவில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். புண்ணிய மரம் என்று விட்டுவைத்தால், அது கல்லைப் பிளந்துவிடும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று அரிது. ஆனால் அற்றுப்போகவில்லை. நீலசந்திராவிலும் ஈஜிபுராவிலும் விவேக் நகரிலும் விசாரித்துப் பாருங்கள். தாத்தாவிடம் கற்றவர் யாராவது இருப்பார். அவரிடம் இரண்டு பையன்கள் கற்றுக்கொண்டால், அவர்களுக்கு ஒரு தொழில். இந்த ஊருக்கு ஒரு லாபம்.

விற்கிறவர்களுக்கு ஒரு யோசனை

வீட்டை விற்றே ஆக வேண்டும் என்றால் விற்கத்தான் வேண்டும். ஆனால் பலகை மாட்டும் முன்பு அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லாரும் ஒரு நாள் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து பேசுங்கள். பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ விடுதிக்கோ நீண்ட காலக் குத்தகைக்கு விட முடியுமா? மனையின் ஒரு பகுதியை மட்டும் விற்று, அந்தப் பணத்தில் வீட்டைச் செப்பனிட முடியுமா? குடியிருக்க வாங்குகிறவர் ஒருவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டால், அவருக்கே கொடுத்துவிடலாமா? பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டு ஆலோசனை சொல்லும் 'இன்டாக்' அமைப்புக்குப் பெங்களூரில் கிளை இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். வீடில்லாதவர்கள் நிறைந்த ஊரில், பத்துப் பேருக்கு ஒரு தோட்டம் என்று கேட்பதும் நியாயமாகாது. இடிந்த வீட்டின் இடத்தில் எழுந்த குடியிருப்பில்தான் இன்று எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்குகின்றன. ஆனால் பத்தில் ஒன்றாவது மிஞ்சினால், இந்த ஊர் எப்படி இருந்தது, அதை யார் கட்டினார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சுவராவது இருக்கும்.

பாட்டி வேலை பார்த்த வீடு இப்போது இல்லை. அங்கே ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது. காம்பவுண்டு சுவருக்குள், பார்க்கிங்குக்கு ஓரமாக, பலா மரம் மட்டும் தப்பியிருக்கிறது. பாட்டனார் நட்ட மரம் அது. வெட்ட அனுமதி கிடைக்கவில்லையா, வெட்ட மனம் வரவில்லையா, தெரியாது.

போன சீசனில் அந்தப் பக்கம் போனபோது காவல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். நம்மவர்தான், திருப்பத்தூர்ப் பக்கம். "அப்படியா சார்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். செய்தித்தாளில் சுற்றி நாலைந்து சுளை கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு எடுத்துப்போய்த் தாயாரிடம் கொடுத்தேன். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டவர், "நம்ம மரம்தான்" என்றார்.